நான்கு வருடம் இருப்பவர்களின் ஓட்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு கல்லூரி நகரில் 22 வருடங்களாக இருக்கிறேன். எம்.எஸ். படிக்க வந்தேன். இங்கேயே வேலை கிடைத்தது, இங்கேயே வீடு வாங்கினோம், பிள்ளைகள் இருவரும் இங்கேதான் பிறந்தார்கள். குடியுரிமை பெற்றபின் உள்ளூர்த் தேர்தல் ஒன்றைக்கூட விட்டதில்லை.

இப்போது எங்கள் தெருமுனையில் மாணவர்களுக்காக ஏழு மாடி அபார்ட்மெண்ட் கட்டப்போகிறார்கள். அங்கே இருந்த பழைய கடைகள் காலியாகிவிட்டன. நகரமன்றத்தில் போன தேர்தலில் ஜெயித்தவர்கள் இதற்கு ஆதரவு. மாணவர் ஓட்டில் வந்தவர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொத்துவரி கட்டுவது நாங்கள். நான்கு வருடத்தில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுப் போக, அதன் விளைவோடு நாங்கள் இருக்கவேண்டும் என்பது நியாயமா? மாணவர்கள் அவரவர் சொந்த ஊரில் ஓட்டுப் போடட்டுமே என்று சொன்னால் என் மகளே கோபித்துக்கொள்கிறாள். கட்டடத்தை எதிர்த்து அக்கம்பக்கத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். போடலாமா என்று யோசிக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

போடவேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அதற்காக உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நியாயம் இருக்கிறது, ஆனால் அது தவறான ஆள்மேல் விழுகிறது.

முதலில் ஓட்டு. ஒரு மாணவர் நான்கு வருடத்தில் போய்விடுகிறார், உண்மை. அவர் இருந்த அறை காலியாகக் கிடப்பதில்லை. ஆகஸ்டில் ஒருவர் விட்டுப்போன படுக்கையில் அதே மாதம் இன்னொருவர் வந்து படுக்கிறார். உங்கள் ஊரில் இருபது வயதுக்காரர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள், பெயர்கள்தான் மாறும். இன்றைய மாணவர் போடும் ஓட்டின் பலனை அடுத்து வருகிற மாணவர் அனுபவிக்கிறார். 1950-லிருந்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பே மாணவர்களை அவர்கள் படிக்கும் ஊரில்தான் எண்ணுகிறது. தலைக்கணக்கைப் பார்த்து உங்கள் நகரத்துக்கு வரும் மத்திய அரசு நிதியில் அவர்கள் தலையும் சேர்ந்துதான் இருக்கிறது. நிதிக்கு எண்ணும்போது ஊர்க்காரர், ஓட்டுக்கு எண்ணும்போது விருந்தாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் மகள் ஏன் கோபித்துக்கொண்டாள் என்பதற்கு ஒரு பழைய வழக்கு விடை சொல்லும். டெக்சாஸில் வாலர் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று ஓர் இடம். அங்கே கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட பிரெய்ரி வியூ பல்கலைக்கழகம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போன மாணவர்களிடம் அங்கிருந்த பதிவு அதிகாரி ஒரு கேள்வித்தாளை நீட்டினார். இந்தக் கவுண்டியில் உனக்குச் சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்தபின் இங்கேயே இருப்பாயா என்ற வகைக் கேள்விகள். அவருக்குத் தெரிந்த ஊர்க்காரர்களிடம் இப்படிக் கேட்கவில்லை. அது செல்லாது என்று கீழ்நீதிமன்றம் சொன்னதை 1979-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 'சொந்த ஊரில் போடட்டுமே' என்று நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள். அதே வாக்கியம் அந்த நாட்டில் யார் வாயில், எதற்காக இருந்தது என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கலாம்.

மாணவர் ஓட்டுதான் ஊரை ஆள்கிறது என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். உள்ளூர்த் தேர்தல்களில் இளைஞர்கள் வரிசையில் நிற்பது எங்குமே குறைவு. மிச்சிகனின் ஆன் ஆர்பர் என்ற கல்லூரி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நகரமன்றம் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே முடிவாகிவிடும். அது நடப்பது ஆகஸ்ட் முதல் வாரத்தில். அப்போது மாணவர்களில் பெரும்பாலோர் ஊரிலேயே இல்லை. உங்கள் ஊர்த் தேர்தல் எந்த மாதம் வருகிறது என்று பாருங்கள்.

சொத்துவரி நாங்கள் கட்டுகிறோம் என்கிறீர்கள். வாடகை வாங்குகிறவர் தன் கையிலிருந்தா வரி கட்டுகிறார்? அது வாடகைக்குள் இருக்கிறது. இன்னொன்று, எதிர்க்கச் சொல்லி உங்களிடம் கையெழுத்துக் கேட்கிறார்களே, அந்தக் கட்டடம் தனியாருடையதாக இருந்தால் அது வரி கட்டும். அதே மாணவர்களைப் பல்கலைக்கழகம் தன் நிலத்தில் விடுதி கட்டி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வரி வராது. தனியார் கட்டடம் தரும் வரியில் ஒரு பெரிய பங்கு, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்குப் போகும். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு வரப்போவதில்லை.

இனி என் கதை கொஞ்சம். நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட ஊரில் மாணவனாக இருந்தவன். இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர். லீஸில் மூன்று பேர் பெயர்தான், ஏனென்றால் உறவினர் அல்லாதவர் மூன்று பேருக்குமேல் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்பது ஊர் விதி. ஜனவரியில் ஹீட்டர் நின்றுபோனது. ஒன்பது நாள் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினோம். நகராட்சிக்கு ஒரு போன் செய்தால் ஆள் வந்து பார்ப்பார்கள். பார்த்தால் ஆறு படுக்கையையும் பார்ப்பார்கள். வீட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும், அதனால் அவர் அவசரப்படவே இல்லை. கூட்டம் சேராமல் இருக்கத்தான் அந்த விதி. கூட்டம் சேர்ந்துதான் இருந்தது, வாய் திறக்கும் வழி மட்டும் எங்களுக்கு அடைபட்டுப் போனது.

இந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் பெல் டெர் என்று ஒரு சின்ன கிராமம், சுமார் 220 வீடுகள், 700 பேர். பக்கத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம். ரத்த உறவோ திருமண உறவோ இல்லாதவர்கள் இரண்டு பேருக்குமேல் சேர்ந்து வாழக்கூடாது என்று கிராமம் சட்டம் போட்டது. ஆறு மாணவர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-ல் கிராமம் ஜெயித்தது. யாரோடு சேர்ந்து வாழ்வது என்பது ஒருவரின் சொந்த விஷயம் என்று நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய மாற்றுத் தீர்ப்புதான் எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ கல்லூரி நகரங்கள் இப்படி விதி வைத்தன. கொலராடோ 2024-ல் மாநிலம் முழுவதும் இதை எடுத்துவிட்டது. பௌல்டர், ஃபோர்ட் காலின்ஸ் போன்ற ஊர்களில் பல வருடம் நடந்த சண்டை அதோடு முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மாடிக்கட்டடத்தைத் தடுத்தால் மாணவர் வரமாட்டார்கள் என்று உங்கள் அண்டை வீட்டார் நம்புகிறார்கள். வருவார்கள். உங்கள் தெருவில் அடுத்து விற்பனைக்கு வரும் மூன்று படுக்கையறை வீட்டுக்கு வருவார்கள். ஐந்து பேர் சேர்ந்து தரும் வாடகையோடு ஒரு சம்பளத்தில் வாழும் குடும்பம் போட்டி போட முடியாது. அந்த வீடு அப்புறம் குடும்பத்துக்குத் திரும்பாது.

சரி, கோபம் யார்மேல் வரவேண்டும்? பெர்க்லியில் நடந்ததைப் பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2005-ல் போட்ட திட்டத்தில், 2020-ல் அங்கே 33,450 மாணவர்கள் இருப்பார்கள் என்று எழுதியிருந்தது. ஆனால் அந்த வருடம் 42,000-க்கும் மேல் இருந்தார்கள். அதில் நான்கில் ஒருவருக்குக்கூடப் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியில் இடம் இல்லை. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டு, மாணவர் எண்ணிக்கையை 42,347-க்குமேல் உயர்த்தக்கூடாது என்று தடையே வாங்கினார்கள். 2022 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை நிறுத்த மறுத்தது. பதினோரே நாளில் சட்டமன்றம் கூடி, அந்தத் தடைக்கு இடம் தந்த சட்டத்தை மாற்றிவிட்டது. இடம் கிடைக்கவேண்டிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெற்றோர் பக்கம் நிற்காமல் எந்த அரசியல்வாதி இருப்பார்? ஊர்க்காரர்கள் கணக்கில் சரியாக இருந்தார்கள். அந்தக் கணக்கின் சுமையைப் பிள்ளைகள் தலையில் வைக்கப்போய்த் தோற்றார்கள்.

அதனால் கேள்வியைப் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். அடுத்த ஐந்து வருடத்தில் எத்தனை மாணவர்களைக் கூடுதலாகச் சேர்க்கப்போகிறீர்கள், அவர்களுக்கு எத்தனை படுக்கை கட்டப்போகிறீர்கள், எந்த வருடம் அது திறக்கும்? வரிவிலக்கு பெற்ற நிலத்துக்கு ஈடாக நகரத்துக்கு என்ன தருகிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலன் உண்டு. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவனில், ஊர்ச் சொத்துகளின் மொத்த மதிப்பில் பாதிக்கும்மேல் வரிவிலக்கு பெற்றது. அங்கே மேயரும் தொழிற்சங்கங்களும் ஊர்க்காரர்களும் விடாமல் கேட்டார்கள். 2021-ல் யேல் பல்கலைக்கழகம் ஆறு வருடத்தில் மொத்தம் 13.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சட்டப்படி அது தந்தாகவேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் முழுதாக ஒப்புக்கொள்வது காலியான கடைகளைப் பற்றிய வரியை. அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், அது ஒரு பெரிய விஷயம். இத்தகைய கட்டடங்களில் கீழ்த்தளத்துக் கடை வாடகை பழைய கடைக்காரருக்கு எட்டாது. வீடுகளும் படுக்கைக்கு இவ்வளவு என்று தனித்தனி லீஸில் போகின்றன, கைக்குழந்தையோடு வரும் ஆராய்ச்சி மாணவருக்கு அங்கே இடமில்லை. அனுமதி இன்னும் முடிவாகவில்லை என்றால் இவற்றைக் கேட்க நேரம் இருக்கிறது. காலிசெய்துவிட்டுப் போன கடைக்காரர்களால் தரக்கூடிய வாடகையில் கீழே இரண்டு கடைகள், முழு வீடாக லீஸுக்கு விடும் ஒரு தளம். 'கட்டாதே' என்று சொல்லும் நூறு கையெழுத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். இப்படி ஒரு பட்டியலோடு எழுந்து நிற்பவரிடம் நகரமன்றத்துக்காரர்கள் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

22 வருடம் முன்பு நீங்கள் அந்த ஊரில் இறங்கியபோது முதல் செமஸ்டரில் எங்கே தங்கினீர்கள் என்று எழுதவில்லை. பொது விசாரணைக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் தருவார்கள். அதில் முதல் நிமிடத்துக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அப்புறம் கடைகளைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் மகளையும் கூட்டிப்போங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.