ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போனால் ஆபீஸுக்கு என்ன?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். வருகைப்பதிவு ஆப் ஒன்றை என் சொந்த போனில் போட வைத்தார்கள். போன ஞாயிறு குடும்பத்தோடு வண்டலூர் ஜூவுக்குப் போயிருந்தோம். திங்கள் காலை, "என்ன சார், நேத்து வண்டலூர் பக்கமா?" என்கிறார் மேனேஜர். ஆப்பை எடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் நிற்பதை ஃபேஸ்புக்கில் போட்டதற்கும், கம்பெனி பேர் கெடும் என்று எடுக்கச் சொன்னார்கள். என்ன செய்வது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் மேனேஜர் கேட்டது தப்பு. சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாலும் தப்புதான். கிண்டியில் பல வருஷம் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: லைனில், அதாவது கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போயிருக்கும் நேரத்தில், எந்தக் கடையில் நிற்கிறீர்கள் என்று கேட்க அவர்களுக்கு நியாயம் உண்டு. ஆபீஸ் லேப்டாப்பும் ஆபீஸ் மெயிலும் அவர்களுடையவை. அதில் சொந்த விஷயம் எதுவும் வைக்காதீர்கள். ஆனால் போன் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, ஞாயிறு உங்களுடையது.

முதலில் போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் லொகேஷன் அனுமதியைப் பாருங்கள். 'எப்போதும்' என்று இருந்தால், 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். அப்புறம், செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் அட்மின் ஆப்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் இந்த ஆப் இருந்தால் கொஞ்சம் பயப்பட வேண்டியதுதான். அந்த அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் போனைப் பூட்டவும், குழந்தையின் போட்டோக்கள் உட்பட எல்லாவற்றையும் அழிக்கவும்கூட வழி இருக்கிறது. ஆபீஸ் போன் கேளுங்கள். தரமாட்டார்கள் என்றால் ஆண்ட்ராய்டில் 'வொர்க் புரொஃபைல்' போட்டுத் தரச் சொல்லுங்கள். சின்னப் பெட்டி அடையாளத்தோடு ஆபீஸ் ஆப்கள் தனியாக நிற்கும். உங்கள் பக்கத்து போட்டோவும் வாட்ஸ்அப்பும் அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் அதை நிறுத்தியும் வைக்கலாம்.

சட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் சொல்லிவிட்டார்கள். அதைத் தனியார் முதலாளி மேல் நேரடியாகப் பாய்ச்சுவது சுலபமில்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகிறது; வேலை சம்பந்தமான காரியத்துக்குத் தனியாகச் சம்மதம் வாங்காமலே தரவைப் பயன்படுத்த அதிலும் முதலாளிக்கு இடம் இருக்கிறது. ஜூவுக்குப் போவது எந்த வேலையில் சேர்த்தி என்பதுதான் என் கேள்வி.

அதனால் மெயிலில் கேளுங்கள்: ஆப் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இடத்தைப் பதிகிறது, யார் யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள். தனியாக அனுப்பாதீர்கள், லைனில் போகும் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. முதலாளிகள் தாங்களாக எல்லை போட்டுக்கொள்வார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

ஃபேஸ்புக் விஷயம் சின்னது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சமூக வலைத்தளம் பற்றி ஏதாவது இருக்கிறதா பாருங்கள், புரொஃபைலில் கம்பெனி பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். தெருத் தண்ணீரைப் பற்றி எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

சம்பளத்தில் பிடிப்போம் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பிடித்தே விட்டார்கள் என்றால், சம்பளச் சீட்டையும் அந்த மெயிலையும் எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், புகாரை எங்கே கொடுப்பது என்று விசாரியுங்கள்.