ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைக்கும் குழந்தை

கேள்வி: என் மகனுக்கு 1 வயது 8 மாதம். திருவிழாக் கடையில் அவன் மாமா வாங்கித் தந்த பேட்டரி கீபோர்டை விடமாட்டேன் என்கிறான். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தே கேட்கிறான். விளையாடும்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை. ‘அம்மா’, ‘தா’ தவிர வேறு சொல்லும் வரவில்லை. பொம்மைச் சத்தம் காதைக் கெடுத்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. பிறந்தபோது எடுத்த காது டெஸ்ட்டில் எல்லாம் சரி என்றார்கள். மாமியார் சொன்னபடி வெதுவெதுப்பான நல்லெண்ணெயும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் விடுகிறேன். பேட்டரி மூடி உடைந்ததால் டேப் ஒட்டியிருக்கிறேன். பேட்டரிக் கதிர்வீச்சு, பெயின்ட், மவுத் ஆர்கன் எச்சில், இவற்றாலும் ஆபத்தா? இதற்குப் பதில் வேறு என்ன கருவி வாங்கலாம்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சத்தம் காதைக் கெடுத்ததால் அவன் திரும்பவில்லையோ என்று பயப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் கடிதம் தலைகீழாகப் படுகிறது. ஏற்கெனவே சரியாகக் கேட்காததால்தான் காதை ஸ்பீக்கரில் ஒட்டுகிறானோ என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நன்றாகக் கேட்கும் குழந்தைகளும் சில நாள் பொம்மையைக் காதில் வைத்து விளையாடும். அது மட்டும் என்றால் ஒன்றுமில்லை. எப்போதும் ஒட்டி வைத்தே கேட்பது, கூப்பிட்டால் திரும்பாதது, 20 மாதத்தில் இரண்டே சொல் என மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதில் குழந்தை தன் பெயருக்குத் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் அம்மா, அப்பா போக இன்னும் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல் சேர வேண்டும். ‘ஆண் பிள்ளை லேட்டாகத்தான் பேசும்’, ‘அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் ஒரு வருடம் போய்விடுகிறது. பேச்சைக் கற்கும் மூளைக்கு அந்த ஒரு வருடம் திரும்பக் கிடைக்காது.

‘தட்டைத் தட்டினால் திரும்புகிறானே’ என்பீர்கள். தட்டும் மேளமும் கதவும் அதிர்வை உண்டாக்கும். காது கேட்காத குழந்தையும் தரை வழியாகவும் தோல் வழியாகவும் அதை உணர்ந்து திரும்பும். கீபோர்டைக் கன்னத்தில் அழுத்தும்போதும் அதே அதிர்வு கிடைக்கிறது. வீட்டில் சோதிப்பதானால் இப்படிச் செய்யுங்கள். டிவியையும் ஃபேனையும் நிறுத்துங்கள். ஒருவர் முன்னால் உட்கார்ந்து, அவ்வளவாகச் சுவாரசியமில்லாத ஒரு பொம்மையை அவனிடம் காட்டட்டும். நீங்கள் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி, உங்கள் நிழல் அவன்மேல் விழாமல் உட்கார்ந்து, மெல்லிய குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு ‘ஸ்ஸ்’ என்று ஒலி எழுப்புங்கள். வலப்பக்கம் மூன்று முறை, இடப்பக்கம் மூன்று முறை. ஆனால் அவன் திரும்பினாலும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஒரு காது மட்டும் கேட்பது, தாழ்ந்த சுருதி ஒலி கேட்டு உயர்ந்த சுருதி ஒலி கேட்காமல் இருப்பது போன்றவை வீட்டுச் சோதனையில் பிடிபடாது.

பிறந்தபோது ‘பாஸ்’ ஆனது அன்றைய நிலைக்கான சான்று மட்டுமே. பிறகு கேட்கும் திறன் மெல்ல மெல்லக் குறைவதும் உண்டு. நெருங்கிய உறவில் திருமணம், பிறந்ததும் ரத்தம் மாற்றும் அளவுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் இவற்றில் எது இருந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவரையும், கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்டையும் இந்த வாரமே பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகள் உண்டு. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரம் கண்டறியும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கும் போகலாம். செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் டிம்பனோமெட்ரி, உள்செவியிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒலியை அளக்கும் ஓ.ஏ.இ., தேவைப்பட்டால் ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளக்கும் பெரா. பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் கண்ணயர விடாமல் கூட்டிப் போங்கள். தூக்க சிரப் தேவையென்றால் அங்கே எடை பார்த்துக் கொடுப்பார்கள். வீட்டிலிருந்தே கொடுத்துக் கொண்டுபோகாதீர்கள்.

கிடைக்கும் பதில் எளிதானதாகவே இருக்கலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் தேங்கிவிடும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. காதில் பஞ்சு வைத்ததுபோல மந்தமாகக் கேட்கும். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே வடியும். வடியாவிட்டால் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையையும் பார்த்து, செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பார்கள். உள்செவியில் குறை என்றால் கேட்கும் கருவியை உடனே பொருத்தலாம், அதற்கு வயது தடையே இல்லை. அதுவும் போதாத குழந்தைகளுக்கு, அறுவை சிகிச்சை செய்து உள்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. காது நன்றாகவே கேட்கிறது என்று தெரிந்தால், விரல் நீட்டிக் காட்டுகிறானா, கண்ணைப் பார்க்கிறானா என்று வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். அதற்கும் காது கேட்கும் பரிசோதனைதான் முதல் படி.

எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்துங்கள். செவிப்பறைக்குப் பின்னால் தேங்கிய நீரை வெளியிலிருந்து விடும் எண்ணெய் தொடவே தொடாது. காதுக்குழாயில் பூஞ்சை பிடிக்கத்தான் அது உதவும். அந்தச் சொட்டு மருந்து இன்னும் மோசமாக இருக்கலாம். அதில் இருப்பது ஜென்டாமைசின் போன்ற மருந்து என்றால், செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது உள்ளே இறங்கி உள்செவியையே பாதிக்கக்கூடும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் மருந்துக்கடைக்காரர் எப்படிக் கொடுத்தார், நீங்கள் எப்படி விட்டீர்கள்? பாட்டிலை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

இப்போது சத்தம். இணையத்தில் படித்ததில் பாதி உண்மை. ஒலி வரும் இடத்துக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபெல் கூடும். அரை மீட்டரில் 85 டெசிபெல் தரும் பொம்மை, காதிலிருந்து 3 சென்டிமீட்டரில் 109-ஐ நெருங்கும். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான கணக்கில் 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் மட்டும் கேட்கலாம். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 109-க்கு இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. ஆனால் இது தினமும் ஆண்டுக்கணக்கில் கேட்பவர்களுக்கான கணக்கு. அப்படி வரும் சேதமும் முதலில் உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் தொடும். சில வாரம் கீபோர்டு வாசித்ததால் ஒரு குழந்தை அம்மாவின் குரலுக்குத் திரும்பாமல் போகாது. ஸ்பீக்கர் ஓட்டைகள்மேல் அகலமான பேக்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள், சத்தம் நன்றாகக் குறையும். ஒரே நொடியில் காதைக் கெடுக்கக்கூடியவை காதருகே வெடிக்கும் கேப் துப்பாக்கியும் பட்டாசும்தான். அவற்றுக்குப் பயப்படுங்கள்.

டேப் ஒட்ட வேண்டிய இடம் ஸ்பீக்கர், பேட்டரி மூடி அல்ல. இருபது மாதக் குழந்தை டேப்பை உரிக்க ஒரு நிமிடம் போதும். உள்ளே இருப்பது நாணயம்போன்ற வட்ட பேட்டரி என்றால் இன்றே கழற்றிவிடுங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். பொம்மையை ஓட்டாத ‘தீர்ந்த’ பேட்டரியும் அரிக்கும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே, திடீரென்று எச்சில் ஒழுகிச் சாப்பிட மறுத்தாலே, எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சோறோ வாழைப்பழமோ கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக்கொண்டு நிற்கவும் வேண்டாம்.

பேட்டரியிலிருந்து கதிர்வீச்சு எதுவும் வருவதில்லை. பெயின்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பெரும்பாலான பொம்மைகளுக்கு அது கட்டாயம். திருவிழாக் கடையில் பெரும்பாலும் இருக்காது. மவுத் ஆர்கன் எச்சிலால் அதிகபட்சம் ஒரு சளி வரும். அதைவிடப் பயப்பட வேண்டியது பிளாஸ்டிக் பீப்பி. குழந்தை ஊதாமல் உறிஞ்சினால் பீப்பிக்குள் ஒலி எழுப்பும் சின்னத் தகடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூன்று வயதுவரை பீப்பி, விசில் எதுவும் வேண்டாம்.

வாங்குவதானால் மின்சாரமில்லாத கருவியே போதும். கைக்கு அடக்கமான மேளம், வரிசையாக மரத் துண்டுகள் கொண்ட சைலோபோன், கர்நாடகத்தின் சன்னபட்னா மரக் கிலுகிலுப்பை. கடையில் உங்கள் காதருகே வைத்து முழு வேகத்தில் தட்டிப் பாருங்கள், உங்களுக்குக் கூசினால் அவனுக்கு வேண்டாம். கிலுகிலுப்பையைத் தரையில் இரண்டு முறை போட்டு, ஒட்டு விடுகிறதா, உள்ளே இருக்கும் மணி வெளியே வருகிறதா என்று கவனியுங்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய 3.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழையும் எந்தப் பாகமும் இந்த வயதுக்கு ஆகாது. சைலோபோனைத் தட்டும் குச்சியின் நுனி உருண்டையாக, பெரிதாக இருக்கட்டும். குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் அண்ணம் கிழியும். உட்கார்ந்திருக்கும்போது மட்டும் குச்சியைக் கையில் கொடுங்கள்.

மேளம் வாங்கியதும் எதிரில் உட்கார்ந்து இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துங்கள். திருப்பித் தட்டுகிறானா, உங்கள் கையைப் பார்த்துத் தட்டுகிறானா? பிறகு மேளத்தை மடியில் மறைத்து, தரையில் படாமல் தட்டுங்கள். இரண்டுக்கும் என்ன செய்தான் என்பதை எழுதிவைத்து, ஆடியாலஜிஸ்டிடம் கொண்டுபோங்கள்.