பிபிதேயும் பானமும் டயர் பொம்மையும்

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். தாத்தாவுடைய பழைய லத்தீன் பூசைப் புத்தகத்தில் கிண்ணத்தை எடுக்கிற இடத்தில் ‘பிபிதே’ என்று இருக்கிறது. நம்ம தமிழ்ப் பூசையில் ‘பருகுங்கள்’. பாறசாலைப் பக்கம் மலையாளப் பூசைக்குப் போனால் ‘பானம் செய்யுவின்’ என்கிறார்கள். பிபிதேக்கும் பானத்துக்கும் ஏதாவது சொந்தம் உண்டா? அந்தச் சொல்லுக்குக் குடிப்பது மட்டும்தான் பொருளா?
– பாடகர் குழு வாசகி

பதில்: சொந்தம் உண்டு தங்கச்சி, நெருங்கின சொந்தமே உண்டு. லத்தீனில் பிபோ என்றால் குடிக்கிறேன், பிபெரெ என்றால் குடிக்க, பிபிதே என்றால் குடியுங்கள். சமஸ்கிருதத்தில் ‘குடிக்கிறான்’ என்பதற்கு பிபதி, லத்தீனில் பிபித். தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் பிபதியின் முதல் எழுத்து ‘பிள்ளை’யில் வருகிற பி, லத்தீனில் இரண்டுமே ‘பீடி’யில் வருகிற ஓசை. ரெண்டும் ஒரே பழைய வேரில் முளைத்தவை, அந்த வேரிலிருந்து சமஸ்கிருதம் வழியாக நமக்கு வந்ததுதான் பானமும், கோயிலில் ஊற்றித் தருகிற பானகமும். நம்ம ‘குடி’யும் ‘பருகு’ம் வேறு குடும்பம், அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

பொருள் விஷயத்தில்தான் ருசியே இருக்கிறது. பழைய ரோமக் கவிஞர் வெர்ஜில் எழுதிய ஆயர் பாட்டு ஒன்று இப்படி முடியும்: பையன்களா, வாய்க்காலை அடையுங்க, புல்வெளி குடிச்சது போதும். கோதையாற்றுத் தண்ணீர் பாய்கிற நம்ம வயல் வரப்பில் நின்று ‘மடையை அடைங்கடே’ என்று சத்தம் போடுகிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதே வெர்ஜில் ஒரு ஊர்க்காரர்களைச் சொல்ல வேண்டுமென்றால் ‘டைபர் ஆற்றைக் குடிக்கிறவர்கள்’ என்பார், அந்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் என்று அர்த்தம். வானவில்லும் ரோமாக்காரனுக்குத் தண்ணீர் குடிக்கும், அது குடித்தால் மழை வரும் என்று பேசிக்கொள்வார்கள். காதாலும் குடிக்கலாம், காதலையும் குடிக்கலாம். வெர்ஜிலின் காவியத்தில் தீதோ ராணி, நாயகன் ஈனியாஸ் சொல்கிற கதையைக் கேட்டுக்கொண்டே காதலை மெதுவாகக் குடித்தாள் என்று வரும், கம்பர் ‘பருகிய நோக்கு’ என்று சொன்ன அதே சங்கதி.

ஆனால் ‘குடி’ போகிற எல்லா இடத்துக்கும் பிபெரெ போகாது. நாம் கஞ்சியையும் குடிக்கிறோம், ரோமாக்காரன் கஞ்சி மாதிரி உறிஞ்சுகிறதுக்கு சோர்பெரெ என்று தனிச்சொல் வைத்திருந்தான். போத்தாரெ என்று இன்னொன்று, அது பெரும்பாலும் உட்கார்ந்து மூக்குமுட்டக் குடிக்கிற குடி. அதன் சொந்தக்காரச் சொல் போத்தியோ, பானம், மருந்து என்று இரண்டுக்கும் ஆகும், அதுதான் பிரெஞ்சு வழியாகப் போய் ஆங்கிலத்தில் பாய்சன் ஆனது!

குடிகாரனைக் கிண்டல் செய்யவும் இந்தச் சொல் கைகொடுத்தது. திபேரியுஸ் கிளாவுதியுஸ் நேரோ என்ற ரோமப் பேரரசர் இளவயதில் படையில் இருந்தபோதே நன்றாக ஊற்றுவாராம், அதனால் பேரையே திருகி பிபேரியுஸ் கால்தியுஸ் மேரோ ஆக்கிவிட்டார்கள். பிபோ குடி, கால்துஸ் சூடு, மேரும் என்றால் தண்ணீர் கலக்காத திராட்சை மது. ரோமில் மதுவில் தண்ணீர் கலந்து குடிப்பதுதான் மரியாதை, கலக்காமல் அடிக்கிறவனுக்கு ஊரில் என்ன பேர் கிடைக்கும் என்று நமக்குத் தெரியாதா.

கேள்வி: மார்த்தாண்டத்தில் டயர் கடையில் வேலை பார்க்கிறேன். மிஷலின் டயர் கம்பெனியின் வெள்ளைக் குண்டு பொம்மைக்கு பிபெந்தும் என்று பேராமே, அதுவும் இந்தக் குடிதானா அண்ணாச்சி?

பதில்: அதேதான் தம்பி. கிளியோபாட்ரா வீழ்ந்ததைக் கொண்டாடி ஹொராஸ் என்ற கவிஞர் பாடினார், ‘நுங்க் எஸ்த் பிபெந்தும்’ என்று, ‘இனி குடிக்க வேண்டியதுதான்’ என்று அர்த்தம். (நுங்க் என்றால் இப்போது, நம்ம பனை நுங்குக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அக்கானி சீசனில் எழுதுவதால் சொல்லி வைக்கிறேன்.) 1898ல் வந்த விளம்பரப் படத்தில் டயர் அடுக்கின உடம்போடு அந்த ஆள் ஒரு கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பார், அதற்குள் ஆணியும் உடைந்த கண்ணாடியும். எங்க டயர் ரோட்டில் கிடக்கிற தடையைக் குடித்துவிடும் என்பது வாசகம், தலைப்பில் ஹொராஸின் வரி. அந்த வரியிலிருந்தே அந்த ஆளுக்கு பிபெந்தும் என்று பேர் ஒட்டிக்கொண்டது. படத்தில் ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற மற்ற டயர்காரர்கள் காற்றுப் போய்ச் சுருங்கிக் கிடப்பார்கள், கடையில் படம் கிடைத்தால் பாருங்கள்.