கல்லும் அது கிடந்த இடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முப்பது ஆண்டுகளாகப் பல்லாவரத்தில் இருக்கிறேன். சென்ற மாதம் மகனோடு எழும்பூர் அருங்காட்சியகம் போனபோதுதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பெயரையே கேள்விப்பட்டேன். 1863இல் எங்கள் ஊரில்தான் அவர் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாராம். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தால் சந்தேகம் வருகிறது. நிலக்கரியும் தங்கமும் தேட வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் காலில் கல் ஒன்று இடறியது, அவ்வளவுதானே? அதற்காக 'இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை' என்ற பட்டமா? 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தமிழன் வாழ்ந்தான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதையும் அவர்தான் கண்டுபிடித்தாரா?

இன்னொன்று. பூண்டி ஏரிக்குப் போயிருந்தபோது அருகில் ஒரு ஓடைக்கரையில் என் மகன் கூரான கல் ஒன்றை எடுத்து வந்திருக்கிறான். கற்கருவிதான் என்று அடம்பிடிக்கிறான். எப்படித் தெரிந்துகொள்வது?

எஸ்., பல்லாவரம்

*

அன்புள்ள எஸ்.,

காலில் இடறியது என்பதை மட்டும் மறுக்கிறேன். மற்றபடி நீங்கள் சொல்வது சரிதான். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் தொடங்கப்பட்டது முதன்மையாக நிலக்கரிக்காகத்தான். 1834இல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்த ஃபூட், 1858இல் அதில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். மாவட்டம் மாவட்டமாக அலைந்து, எந்தப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைபடத்தில் குறிப்பதுதான் வேலை. 1891இல் ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தார். சேலம், திருச்சி, வட ஆர்க்காடு, மதுரை, திருநெல்வேலி, பெல்லாரி என்று அவர் நடக்காத சீமை குறைவு. இன்று கர்நாடகத்தில் 'தார்வார்' என்று நிலவியலாளர்கள் சொல்லும் பழம்பாறைத் தொகுதியைப் பிரித்தறிந்து பெயரிட்டவர் அவர்தான். கோலார் தங்கவயல் அந்த வகைப் பாறைப் பட்டையில்தான் இருக்கிறது. ஆக, தங்கம் என்ற குற்றச்சாட்டையும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இப்போது கல்லுக்கு வருவோம். 1863 மே 30. பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டிப்போட்ட ஒரு குழி. நீங்கள் அங்கேயே இருப்பவர், உங்கள் ஊர் மலையின் கல் எப்படி இருக்கும் என்று தெரியும்: கருநீலச் சாயல் கொண்ட, உடைத்தால் எண்ணெய் பூசியதுபோல் மின்னும் கல். அதன் பெயர் சார்னோக்கைட். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் பலகை இதே கல் என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் பிற்காலத்தில் வைத்த பெயர். ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெயர் ஒரு கம்பெனி ஏஜெண்டுக்குப் போய்விட்டது.) அந்தக் குழியில் ஃபூட் கையிலெடுத்தது குவார்ட்சைட், அதாவது மணற்கல் இறுகி உண்டான கெட்டியான கல். மலையின் கல் வேறு, கையிலிருக்கும் கல் வேறு. அது செம்புரை என்னும் செந்நிற இரும்புப் படிவின் சரளைக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி பாறை படிக்கும் கண்ணுக்குத்தான் எழும்.

அந்தக் கண்ணுக்குப் பின்னால் நான்கு ஆண்டுப் பழைய செய்தி ஒன்றும் இருந்தது. பிரான்ஸில் அபெவில் என்ற ஊரில் பூஷே தெ பெர்த் என்ற சுங்க அதிகாரி, சோம் ஆற்றுச் சரளையில் அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கற்கருவிகளும் கிடைக்கின்றன என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்தார்கள். கல்லைப் பார்த்து யாரும் நம்பவில்லை. 1859இல் பிரெஸ்ட்விச் என்ற நிலவியலாளரும் இவான்ஸ் என்ற தொல்பொருள் அறிஞரும் நேரில் போய், அந்தச் சரளை அடுக்கு கலையாதது, கருவி பிற்காலத்தில் உள்ளே விழுந்ததல்ல என்று சான்று சொன்ன பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. இதைப் படித்துவிட்டு, தம் வட்டாரத்துச் சரளையிலும் கிடைக்கலாம் என்று தேடியவர் ஃபூட். தேடியவருக்குக் கிடைத்ததை இடறியது என்று எப்படிச் சொல்வது?

1863 செப்டம்பரில் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கம் போனார். அங்கே ஓடை அறுத்த கரையிலேயே கருவிகள் இருந்தன. மேலே பொறுக்கிய கல்லுக்கும் அடுக்கிலிருந்து உருவிய கல்லுக்கும் உள்ள வேறுபாடு ஃபூட்டுக்கு நன்றாகத் தெரியும். எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று ஐம்பது ஆண்டுகள் எழுதிவைத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் எழும்பூரில் பார்த்தது 1904இல் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிய அவருடைய சேகரிப்பு. விரிவான அட்டவணை 1914இல்தான் அச்சாகி வந்தது. அதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அவர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடவில்லை. கிழக்குக் கரையோரச் செம்புரைப் படிவுகளைக் கடல் படியவைத்தவை என்று முதலில் நினைத்தார். அது நிற்கவில்லை. ஆனால் கருவி எந்தப் படிவில் கிடந்தது என்ற அவருடைய குறிப்பு நின்றது. அவருடைய விளக்கத்தைத் தூக்கி எறிந்தவர்களும் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பெல்லாரிச் சாம்பல்மேடுகளின் கதை. அந்தப் பக்கம் குன்றுகளின் அடிவாரங்களில் சாம்பல் குவிந்து, சில இடங்களில் உருகி இறுகிய கசடாகக் கிடக்கும். ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் இருக்கும் மேடு வாலியை எரித்த சாம்பல் என்கிறார்கள். ஆய்வாளர்களும் தங்கள் பங்குக்குப் பலதும் சொன்னார்கள். ஃபூட் இது மாட்டுச்சாணம் எரிந்த சாம்பல், புதிய கற்கால மக்கள் மாடு அடைத்த இடம் என்றார். அரக்கரும் வானரரும் உலவும் இடத்தில் சாணி என்று சொன்னால் யாருக்கு ருசிக்கும்? 1950களில் ஆல்சின் என்ற தொல்லியலாளர், ஊட்னூரில் இருந்த இதேபோன்ற மேட்டை அகழ்ந்தபோது மாடுகளின் குளம்புத் தடங்களே கிடைத்தன. ஸாய்னர் என்ற ஆய்வாளர் சாம்பலைச் சோதித்துச் சொன்னதும் சாணம் என்றே.

'வெள்ளைக்காரர் வந்துதான் சொல்ல வேண்டுமா' என்ற மனத்தாங்கல் உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுகிறது. சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளை எடுத்து, சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டுவந்தவர்கள் மலைமக்கள். சாதாரணக் கல் அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது மனிதன் செய்தது, இன்ன அடுக்கைச் சேர்ந்தது என்ற அறிவு வேறு வகை. அதற்கு ஆற்றையும் மண்ணையும் அளக்கும் ஒரு துறை தேவைப்பட்டது. அதன் சாவி அன்று ஆட்சியாளர்களின் கையில் இருந்தது. பல்லாவரத்தில் அந்தக் குழியை வெட்டிய கூலிகள் யார் என்று எங்கும் பதிவில்லை. இரண்டும் உண்மை.

அந்தச் சேர்வராயன் மலையில் ஏற்காட்டில்தான் ஃபூட் வீடு வைத்திருந்தார். தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு சுவையான உறவு உண்டு. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைவைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல் பாதிரியார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். மாமனார் பழமொழி பொறுக்க, மருமகன் கல் பொறுக்கினார் என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. 1912 டிசம்பரில் ஃபூட் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்துக்கு வந்துசேர்ந்தது.

அந்த 15 லட்சம் கணக்கு ஃபூட்டுடையது அல்ல. கல்லின் வயதை ஆண்டுகளில் அளக்கும் வழி அவர் காலத்தில் இல்லை. எது கீழே, எது மேலே என்பதுதான் அவருக்குத் தெரிந்த கடிகாரம். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். விண்கதிர்கள் பட்டுக் கல்லுக்குள் உண்டாகும் பெரிலியம்-10, அலுமினியம்-26 ஆகிய கதிரியக்க அணுவகைகள் மண்ணுக்குள் புதைந்தபின் மெல்லச் சிதைந்து குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்தால் புதைந்த காலம் தெரியும். அப்படி வந்த வயதுதான் சுமார் 15 லட்சம் ஆண்டுகள், 2011இல் வெளியானது. அதே இடத்தின் மேலடுக்குகளில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் கருவி செய்யும் முறையே மாறத் தொடங்கியதாக 2018இல் இன்னொரு கட்டுரை வந்தது.

தமிழன் என்பதை விட்டுவிடுங்கள். நம் இனமான ஹோமோ சேபியன்ஸின் மிகப் பழைய எச்சங்களே சுமார் மூன்று லட்சம் ஆண்டுப் பழமைதான். அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரி செய்தவர்கள் நமக்கு முந்தைய வேறொரு மனித இனம். அவர்களுடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய எலும்பு எதுவும் அங்கிருந்து நம் கையில் இல்லை. இந்தியாவில் அப்படிப்பட்ட தொல்மனித மண்டையோடு கிடைத்தது நர்மதைக் கரையில் ஹத்னோராவில், 1982இல். எடுத்தவர் ஃபூட் வேலைபார்த்த அதே துறையைச் சேர்ந்த அருண் சொனாகியா என்ற நிலவியலாளர். அந்த மனிதர்கள் என்ன பேசினார்கள், பேசினார்களா என்பதே விவாதம். அவர்களுக்கு ஏன் நாம் மொழிச்சான்றிதழ் எழுத வேண்டும்?

இனி உங்கள் மகனின் கல். ஒரு கூர் மட்டும் போதாது, ஓடையில் உருண்ட கல்லும் கூராக உடையும். இரண்டு முகங்களிலும் சில்லுகள் பெயர்த்த குழிவுகள் வரிசையாக ஓடி ஓர் ஓரத்தில் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். கல் குவார்ட்சைட்டா என்று பாருங்கள். இருந்தால், பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் பையனை உட்காரவைத்து, எந்த ஓடை, எந்தக் கரை, தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், தரையில் கிடந்ததா மண்ணுக்குள் பாதி புதைந்திருந்ததா என்று நினைவு இருக்கும்போதே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். சின்னப் படம் வரைந்தால் இன்னும் நல்லது. ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவ வேண்டாம்.

அன்புடன்.