வீட்டிலேயே பாடம்: ஜூன் பிறப்பதற்குள் கேட்டவை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் புதிய கல்வியாண்டுக்கு எப்படித் தயாராவது? மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு எங்கள் கல்விக் குழுவின் பதில்கள்.

மகளுக்கு எட்டு வயது. போன ஜூனில் தேதிவாரியாக அட்டவணை போட்டேன். ஆடி பிறப்பதற்குள் எல்லாம் குளறுபடி. இந்த முறை எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, திருநகர்

குளறுபடிக்குக் காரணம் நீங்கள் இல்லை, தேதிதான். ‘ஜூலை 8, பின்னக் கணக்கு’ என்று எழுதிவிட்டால், ஒரு காய்ச்சலோ சொந்தத்தில் ஒரு காதுகுத்தோ வந்த மறுநாளே அதற்குப் பிறகுள்ள எல்லாத் தேதியும் பொய்யாகிவிடும். உட்கார்ந்து திருத்த யாருக்கும் மனசு வராது. அதனால் பாடத்துக்கு எண் மட்டும் போடுங்கள்: கணக்கு 1, கணக்கு 2 என்று. முடித்த அன்று பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு நாள் விட்டுப்போனாலும் அடுத்த எண்ணிலிருந்து தொடரலாம்.

அட்டவணைக்கு முன்னால் நாள்களை எண்ணுங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணை, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது; 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி நேரம். இது பள்ளிக்கான கணக்கு. வருகைப்பதிவு, வரிசை, நோட்டுத் திருத்தும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். எதிரே ஒரே பிள்ளை இருக்கும்போது எட்டு வயதுக்கு நாளுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் தாராளம்.

மொத்தம் 36 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் பாடம், ஆறாவது வாரம் காலி. இப்படி ஆறு சுற்று வந்தால் பாட வாரம் 30. 150 பக்கக் கணக்குப் புத்தகம் என்றால் வாரத்துக்கு 5 பக்கம். அதைத் திங்கள் முதல் வியாழனுக்குள் முடித்து, வெள்ளியை மிச்சம் மீதிக்கு விடுங்கள். தமிழ்நாடு பாடநூல்கள் சின்ன வகுப்புகளுக்கு மூன்று பருவமாக வருகின்றன. பருவத்துக்கு இரண்டு சுற்று என்று சரியாகப் பொருந்தும்.

காலி வாரத்தில் எதையும் முன்கூட்டி எழுதிவைக்காதீர்கள். எழுதினால் அது காலி வாரமே இல்லை. தீபாவளி, பொங்கல், குலசாமி கும்பிடு, சித்திரைத் திருவிழா ஆகியவற்றை 36 வாரத்துக்கு வெளியே அடித்துவிடுங்கள். அவனியாபுரத்தில் மாடு அவிழ்க்கிற அன்று யாருக்கும் வாய்ப்பாடு ஏறாது.

இன்னொன்று: முதல் நாளே எல்லாப் பாடத்தையும் தொடங்க வேண்டாம். முதல் வாரம் தமிழும் கணக்கும் மட்டும். பிறகு வாரத்துக்கு ஒரு பாடமாகச் சேருங்கள்.

பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 6. ஒருத்தனுக்குச் சொல்லும்போது இன்னொருத்தி விடுவதில்லை.
— வாசகி, சோழவந்தான்

சின்னவளுக்கு முதலில் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் பெரியவனுக்குத்தான் பாடம் அதிகம் என்று அவனோடு தொடங்குவார்கள். காத்திருக்கிற ஆறு வயது சும்மா இருக்குமா? காலையில் முதல் 25 நிமிடம் அவளோடு வாசிப்பும் எண்ணும். அந்த நேரத்தில் பெரியவன், நேற்றுப் புரிந்த கணக்கையே பயிற்சி செய்யட்டும். புதுக் கணக்கைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான்.

அடுத்த 40 நிமிடம் அவனுக்கு. அப்போது அவள் கைக்கு ஒரு டப்பா. ஐந்து நாளுக்கு ஐந்து டப்பா தயார் செய்யுங்கள்: ஒன்றில் புளியங்கொட்டையும் 1 முதல் 20 வரை எழுதிய அட்டைகளும், ஒன்றில் களிமண், ஒன்றில் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் பழைய நாளிதழும், ஒன்றில் பல்லாங்குழி, ஒன்றில் நூலும் பெரிய மணிகளும். திங்கள் டப்பா திங்கள் மட்டும்தான் திறக்க வேண்டும், அதுவும் அண்ணன் படிக்கும்போது மட்டும். எந்நேரமும் கையில் கிடைத்தால் மூன்றாம் நாளே சலித்துப்போய் மறுபடி உங்கள் மடிக்கு வந்துவிடுவாள்.

கதை, அறிவியல், வரலாறு மூன்றையும் இருவருக்கும் சேர்த்தே சொல்லலாம். அவன் அரைப் பக்கம் எழுதட்டும், அவள் படம் வரையட்டும்.

புத்தகம், நோட்டு எல்லாம் எவ்வளவு வாங்குவது? செலவு கட்டுப்படியாகவில்லை.
— வாசகர், உசிலம்பட்டி

ஜூனில் முழு ஆண்டுக்கும் வாங்காதீர்கள்; முதல் பருவத்துக்குப் போதும். பாதியில் பிள்ளைக்கு ஒரு புத்தகம் ஒத்துவராமல் போவது சகஜம். பாடநூல்களை அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஜெராக்ஸ் கடையில் இரு பக்கமும் அச்சிட்டு, பருவத்துக்கு ஒன்றாக ஸ்பைரல் போடுங்கள். ரொம்பத் தடிமனாகப் போட்டால் கம்பி விலகி ஓரம் கிழியும். வரைபடப் பக்கங்களை மட்டும் கலரில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் ஆறும் எல்லையும் ஒன்றுபோலத் தெரியும்.

நோட்டில், கணக்குக்குக் கட்டம் போட்டது 2, நாலு கோடு 1, இரு கோடு 1, கோடில்லாதது 1 என்று பருவத்துக்கு ஐந்து போதும். மொத்தமாக வாங்குவதென்றால் மதுரைக்கு ஒரு நடை வந்து குன்னத்தூர் சத்திரத்தில் பாருங்கள். புதுமண்டபக் கடைகள் அங்கேதான் மாறியிருக்கின்றன. கதைப் புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

மகனுக்கு 13 முடிந்துவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், மேலூர்

இரண்டு வழி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்.ஐ.ஓ.எஸ்.) சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தமிழ் வழியிலும் எழுதலாம். தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதுதான், மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆகவே ஐந்தையும் ஒரே மூச்சில் எழுதாமல், முதல் முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரிப்பதே எங்கள் சிபாரிசு.

சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ‘டி.எம்.ஏ.’ எனும் ஒப்படைப்பு. 20 சதவீத எடை உள்ள இதைத் தேர்வு பரபரப்பில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், எழுத்து வேறு என்று இருந்தால் சேர்க்கையில் மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு ஒரு வருடம் கையில் இருக்கிறது, இப்போதே சரிசெய்துவிடுங்கள். அறிவியல் எடுத்தால் கல்வி மையத்தில் செய்முறை உண்டு. மேலூரிலிருந்து போய்வரத் தோதான மையத்தையே கேளுங்கள்.

மற்றது மாநில வழி. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அதன் பிறகு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்னதாகவே தனியாகப் பதிய வேண்டும். அதை விட்டவர்கள் தேர்வு நேரத்தில் திண்டாடுவார்கள்.

இப்படிப் படிக்கவைப்பது சட்டப்படி தப்பா என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.
— வாசகி, திருமங்கலம்

6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. தவறினால் பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் இல்லை. வீட்டில் படிக்கவைக்க உரிமமோ பதிவோ தருகிற ஏற்பாடும் இல்லை. அதனால் உங்கள் கையில் பதிவேடு இருப்பது நல்லது: மாதத்துக்கு ஓர் உறையில் தேதியிட்ட இரண்டு கணக்குத் தாள், ஒரு கட்டுரை, வாசித்த புத்தகங்களின் பட்டியல். பின்னால் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால் எந்த வகுப்பு என்று பேசுவதற்கும் இதுவே உதவும்.

வெளியே அழைத்துப்போகும் நாள்களையும் திட்டத்தில் சேர்க்கலாமா?
— வாசகி, திருப்புவனம்

கட்டாயம், ஆனால் பருவம் பார்த்து. உங்களுக்குப் பக்கத்திலேயே கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது (2023-இல் திறந்தது). அதையும் கீழக்குயில்குடி சமணர் மலையையும் ஜனவரி, பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் தாண்டினால் பாறையில் கால் வைக்க முடியாது. கண்மாய்ப் பறவைகளுக்கு, ஐப்பசி கார்த்திகை மழை நின்று தண்ணீர் நிற்கிற மார்கழி. மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். போவதற்கு முன் மூன்றே மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள். கீழடிக்கு என்றால், எழுத்துக் கீறிய பானை ஓடு எது, அதில் எத்தனை எழுத்து, பானையின் எந்தப் பகுதியில் கீறியிருக்கிறது. பதினைந்து கேள்வியோடு போகிற பிள்ளை தாளைத்தான் பார்க்கும், பானையைப் பார்க்காது.