ஜிம்மி வைட் ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்றது ஏன்?

கேள்வி: உலகப் பட்டத்தை ஒரு முறைகூட வெல்லாத ஜிம்மி வைட்டை ஸ்னூக்கரின் பெரிய வீரர்களுள் ஒருவராக ஏன் சொல்கிறார்கள்? ஆறு முறை இறுதிப் போட்டிக்கு வந்தும் நெருக்கடியில் கை நடுங்கித்தானே தோற்றார்?

1994ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் பார்த்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். நானும் முதலில் பார்த்தது அந்தத் துண்டுக் காணொளியைத்தான். அதற்குப் பிறகு பல ஆண்டுகளாக, கிடைத்த பழைய பதிவுகளையெல்லாம் தேடிப் பார்த்ததில் என் எண்ணம் மாறிவிட்டது. ஆறு தோல்விகளுக்கும் ஒரே காரணம் கிடையாது. கை நடுங்கியது என்று நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்; அவர் உண்மையிலேயே வென்றிருக்க வேண்டியதும், நழுவவிட்டதற்கு அவரையே ஓரளவு குறை சொல்லக்கூடியதும் வேறொன்று.

வைட் 1962 மே 2 அன்று தெற்கு லண்டனின் டூட்டிங் பகுதியில் பிறந்தவர். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, ஜான்ஸ் என்ற உள்ளூர் ஸ்னூக்கர் கூடத்திலேயே பகலைக் கழித்த பையன். நண்பர் டோனி மியோவுடன் சேர்ந்து, ஒரு டாக்ஸி ஓட்டுநரின் துணையோடு ஊர் ஊராகப் போய்ப் பணப் பந்தய ஆட்டங்கள் ஆடித்தான் அவருடைய கை தேறியது. 1979இல் இங்கிலாந்தின் அமெச்சூர் சாம்பியன் ஆனார். 1980இல், 18 வயதில், டாஸ்மேனியாவின் லான்செஸ்டன் நகரில் உலக அமெச்சூர் பட்டத்தையும் வென்று தொழில்முறைக்கு வந்தார். பயிற்சியாளர் அருகில் நின்று பாதுகாப்பாக ஆடக் கற்றுக்கொடுத்த ஆட்டம் அல்ல அவருடையது. எதிராளியின் பணம் மேசையில் இருக்க, சுற்றி நிற்கும் கூட்டம் ஆரவாரம் செய்ய, வேகமாக அடித்துப் பழகிய ஆட்டம். 'சூறாவளி' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

அவருடைய இடக்கை ஆட்டத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஸ்க்ரூ ஷாட்டைத்தான். வெள்ளைப் பந்து மேசையின் ஒரு கோடியிலும் குறிப்பந்து வெகுதொலைவிலும் இருக்கும்; க்யூவின் (அடிக்கும் கோலின்) முனை வெள்ளைப் பந்தின் அடிப்பாகத்தைச் சுருக்கென்று தொட்டுவிட்டு நேராக ஊடுருவிப் போகும்; வெள்ளைப் பந்து பச்சைத் துணியின் மேல் வழுக்கிக்கொண்டே போய்க் குறிப்பந்தைத் தட்டி, ஒரு கணம் நின்ற இடத்திலேயே சுழன்று, பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்ததைப் போலத் திரும்பி வரும். எங்கள் கிளப்பில் இதை முயன்றால் பாதித் தொலைவிலேயே சுழற்சி தீர்ந்துபோய்ப் பந்து அசையாமல் நின்றுவிடும். (1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தொடங்கி, பின்பு நம் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம் இது, அந்தச் சொந்தம் நம் கைகளுக்கு ஏனோ உதவவில்லை.)

இனித் தோல்விகளுக்கு வருகிறேன். முதல் பெரிய அடி இறுதிப் போட்டியிலேயே விழவில்லை. 1982 அரையிறுதியில், 20 வயதை அப்போதுதான் எட்டியிருந்த வைட், அலெக்ஸ் ஹிக்கின்ஸை எதிர்த்து 15-14 என்று முன்னிலையில் இருந்தார். இன்னும் ஒரு பிரேம் (போட்டிக்குள் வரும் ஒரு தனி ஆட்டம்) போதும், அந்தப் பிரேமிலும் புள்ளிகளில் 59-0 என்று முந்தியிருந்தார். ரெஸ்ட்டை (கை எட்டாத இடத்தில் க்யூவைத் தாங்கும் கோலை) வைத்து அடித்த ஒரு சிவப்புப் பந்து தவறியது. ஹிக்கின்ஸ் எழுந்து வந்து, பல இடங்களில் முடிந்துபோயிற்று என்று தோன்றிய நிலையிலிருந்து 69 புள்ளி எடுத்து மேசையைக் காலிசெய்தார். அடுத்த பிரேமையும் வென்று, இறுதிப் போட்டியில் பட்டத்தையும் கைப்பற்றினார். 1984இல் ஸ்டீவ் டேவிஸுக்கு எதிரான இறுதிப் போட்டியில் முதல் நாள் முடிவில் வைட் 4-12 என்று பின்தங்கியிருந்தார். மறுநாள் எழுந்து வந்து ஆட்டத்தை 16-18 வரை இழுத்தார். அந்தக் காலத்தில் ஸ்னூக்கரையே ஆண்ட டேவிஸை இப்படித் துரத்தியவரை நெருக்கடியில் நடுங்குபவர் என்று எப்படிச் சொல்வது?

1990, 1991, 1993 ஆகிய மூன்றையும் வேகமாகக் கடந்துவிடலாம். 1990இல் 21 வயது ஸ்டீபன் ஹென்ட்ரி 18-12 என்று வென்று மிக இளைய உலகச் சாம்பியன் ஆனார். 1991இல் ஜான் பாரட் முதல் அமர்வின் ஏழு பிரேம்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டார்; அதற்குப் பிறகு 11-18 என்ற கணக்கு யாருக்கும் வியப்பளிக்கவில்லை. 1993இல் ஹென்ட்ரி 18-5 என்று, ஓர் அமர்வு மீதமிருக்கும்போதே முடித்துவிட்டார். இந்த மூன்றிலும் எதிரில் இருந்தவர் நன்றாக ஆடினார், அவ்வளவுதான்.

1992தான் என் மனத்தை விட்டு அகலாத ஆண்டு. அந்தத் தொடரின் முதல் சுற்றிலேயே டோனி டிராகோவுக்கு எதிராக வைட் 147 அடித்தார். அதாவது 15 சிவப்புப் பந்துகளையும், ஒவ்வொன்றுக்கும் பிறகு கறுப்பையும், கடைசியில் வண்ணப் பந்துகள் அனைத்தையும் ஒரே மூச்சில் குழியில் இறக்கினார். உலகப் போட்டி நடக்கும் ஷெஃபீல்டின் க்ருசிபிள் அரங்கில் அதற்கு முன் 1983இல் கிளிஃப் தோர்பர்ன் மட்டுமே அதைச் செய்திருந்தார். இறுதிப் போட்டியில் ஹென்ட்ரியை எதிர்த்து 14-8 என்ற முன்னிலை; வேண்டியது இன்னும் நான்கு பிரேம்கள். 14-9 ஆன பிறகு, மூன்றாம் அமர்வின் கடைசிப் பிரேமில், ஹென்ட்ரி தற்காப்பாக ஆடியிருக்க வேண்டிய நிலையில் மிகக் கடினமான ஒரு பழுப்புப் பந்தை முழு வேகத்தில் அடித்துக் குழியில் இறக்கினார். அது தவறியிருந்தால் 15-9, இறங்கியதால் 14-10. தம் வாழ்க்கையின் சிறந்த ஷாட் என்று ஹென்ட்ரியே பின்னாளில் குறிப்பிட்ட அடி அது. அதன் பிறகு வைட்டுக்கு ஒரு பிரேம்கூடக் கிடைக்கவில்லை. 14-8இலிருந்து எண்ணினால் ஹென்ட்ரிக்குத் தொடர்ந்து பத்துப் பிரேம்கள், கடைசி இரண்டில் 134, 112 என்ற பிரேக்குகள் (இடையில் தவறாமல் ஒரே மூச்சில் எடுத்த புள்ளிகள்), முடிவு 18-14.

இங்கேதான் வைட்டின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஆறு பிரேம் முன்னிலையில் இருப்பவர் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்து, வெள்ளைப் பந்தைக் குஷனோடு (மேசையின் ஓரத் தடுப்போடு) ஒட்டவைத்து, எதிராளியை நாற்காலியிலேயே குளிரவிட்டிருக்க வேண்டும். டேவிஸ் அதைத்தான் செய்திருப்பார். வைட் 8-14 என்று பின்தங்கியிருந்தால் எப்படி ஆடியிருப்பாரோ அப்படியேதான் 14-8 முன்னிலையிலும் ஆடினார். அவருக்குத் தெரிந்த ஆட்டம் அது ஒன்றே. போதாததற்கு, குடி, சூதாட்டம், போதைப் பொருள் என்று அந்த ஆண்டுகளில் தாம் வாழ்ந்த விதத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். எதிர்ப்பக்கம் இருந்த ஹென்ட்ரியோ பயிற்சியை அலுவலக வேலையைப் போல நாள் தவறாமல் செய்தவர்.

1994 இறுதிப் போட்டியின் கடைசி நாள் வைட்டின் 32ஆவது பிறந்தநாள். கணக்கு 17-17. கடைசிப் பிரேமில் 37-24 என்று முன்னிலை, பந்துகள் நன்றாகப் பிரிந்து கிடக்கின்றன, கறுப்பு தன் இடத்திலேயே இருக்கிறது. அடிக்கும் கணத்தில் அவருடைய கை வழக்கத்தைவிடச் சற்று முந்திக்கொண்டது. கறுப்பு குழியின் விளிம்பில் பட்டு வெளியே வந்தது. ஹென்ட்ரி 58 எடுத்து முடித்தார். ஆம், இது நடுக்கம்தான், மறுப்பதற்கில்லை. அதே கறுப்பை நான் எந்த நெருக்கடியும் இல்லாமலேயே வாரத்துக்குப் பத்து முறை தவறவிடுகிறேன் என்பதால் எனக்கு அவரை ஏசும் வாய் வருவதில்லை. பரிசளிப்பின்போது, ஹென்ட்ரி தமக்கு எரிச்சலூட்டத் தொடங்கிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அரங்கத்தையும் சிரிக்கவைத்தார். அந்த ஒரு வரிக்குப் பிறகு அவரை நேசிக்காத ஸ்னூக்கர் ரசிகரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நெருக்கடியில் உடைபவர் என்ற குற்றச்சாட்டுக்கு மற்ற தொடர்களே பதில் சொல்கின்றன. 1984 மாஸ்டர்ஸ் அரையிறுதியில் கிர்க் ஸ்டீவன்ஸை 6-4 என்று வென்று, பின்பு டெர்ரி கிரிஃபித்ஸைத் தோற்கடித்துப் பட்டம் பெற்றார். 1986இல் கிளாசிக் தொடரின் இறுதிப் போட்டியில் தோர்பர்னை 13-12 என்று வென்றார். அந்தக் கொடுமையான 1992 மே மாதத்துக்குப் பிறகு, அதே ஆண்டின் பிற்பகுதியில், கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் கென் டோஹர்டியை 10-9 என்று கடைசிப் பிரேமில் வீழ்த்தினார். தொடர்ந்து யுகே சாம்பியன்ஷிப்பில் பாரட்டை 16-9 என்று வென்றார். அந்த ஓர் ஆண்டில் மட்டும் நான்கு தரவரிசைப் பட்டங்கள் (உலகத் தரவரிசைக்குக் கணக்கில் வரும் தொடர்களின் பட்டங்கள்). மொத்தம் பத்து, பத்தாவது 2004இல், 42ஆவது பிறந்தநாளை நெருங்கும்போது, கிளாஸ்கோவில் பால் ஹன்டரை வென்று கிடைத்தது. இடையில், 1995இல் விதைப்பைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்திருந்தார். 1998 உலகப் போட்டியின் முதல் சுற்றில் ஹென்ட்ரியையே 10-4 என்று வெளியேற்றியதும் இந்தக் கணக்கில் சேரும்.

அவரோடு ஆடியவர்கள் பலர் வர்ணனையாளர் நாற்காலிக்குப் போய்விட்ட பிறகும் அவர் தகுதிச் சுற்றுகளில் இளைஞர்களோடு மோதிக்கொண்டிருந்தார். 2022இல், 60 வயதில், தகுதிச் சுற்றுகளைத் தாண்டி யார்க் நகரில் யுகே சாம்பியன்ஷிப்பின் பிரதான கட்டத்தை எட்டினார். மூத்தோருக்கான உலகப் பட்டத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றார்.

நேரம் கிடைத்தால் 1992 இறுதிப் போட்டியின் மூன்றாம் அமர்வை முழுமையாகப் பாருங்கள். 1994இன் கறுப்புப் பந்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.