"படம் எப்டிணா, போலாமா?" தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு கேள்வி பதில்

டீக்கடையிலேர்ந்து சொந்தக்காரங்க விசேஷம் வரைக்கும் எங்க போனாலும் "படம் எப்டிணா, போலாமா"ன்னு தான் கேக்குறாங்க, அதான் மொத்தமா கேளுங்கப்பா ஒரு நாள் உக்காந்து பதில் சொல்றேன்னு சொன்னேன், இவ்ளோ கேள்வி வரும்னு நெனக்கவே இல்ல, ரொம்ப சந்தோஷம். நான் விமர்சகர் கெடயாது. ஹார்பர்ல ஷிப்ட் வேலை, வாரத்துக்கு ஒரு படம், சின்ன வயசுல தியேட்டர் கேண்டீன்ல முறுக்கு வித்தவன். எப்பவும் கடைசி வரிசைக்கு முன்னாடி வரிசையில தான் உக்காருவேன், அங்கேர்ந்து பாத்தா மொத்த ஜனமும் தெரியும். படம் புடிக்கலன்னா யாரும் எழுந்து போறதில்ல, போனை எடுப்பாங்க. அந்த வெளிச்சம் எத்தினி இடத்துல எரியுதுன்னு பாத்தாலே போதும், எனக்கு ஸ்டார் ரேட்டிங்லாம் அது தான்.

அம்மாவுக்கு 68 வயசு, வெட்டு குத்து வந்தா கண்ண மூடிக்குவாங்க. என்ன படம் காட்டலாம்ணா? (புதுவண்ணாரப்பேட்டை தம்பி)

டூரிஸ்ட் ஃபேமிலி. 2025 மே 1 வந்துச்சு, இப்ப வீட்லயே போடலாம். இலங்கையில பொழைக்க முடியாம படகுல வந்து இறங்குற ஒரு குடும்பம், சசிகுமார், சிம்ரன், ரெண்டு பசங்க, சென்னையில ஒரு தெருவுல வந்து ஒளிஞ்சு வாழ்றாங்க, அந்த தெரு எப்டி மாறுதுன்றது தான் கதை. டைரக்டர் அபிஷன் ஜீவிந்துக்கு இது மொத படம். "எல்லாரும் இவ்ளோ நல்லவங்களா இருப்பாங்களா"ன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க தெருவுல கரண்ட் இல்ல, முட்டி வரைக்கும் தண்ணி, எதிர்வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ரெண்டு வருஷமா பேச்சே கெடயாது, அவரு தான் வேட்டிய மடிச்சு கட்டினு ஒரு தூக்குல பால் வாங்கினு வந்து கொடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம போனாரு. அதனால நான் நம்புறேன். அம்மாவுக்கு கண்டிப்பா புடிக்கும், பக்கத்துல உக்காந்து பாருப்பா.

புள்ளைக்கு 11 வயசு, ரஜினியோட கூலி படத்துக்கு கூட்டினு போக சொல்லி அழுதான், தியேட்டர்ல விடமாட்டேன்னுட்டாங்க. "யுஏ"ன்றாங்க "ஏ"ன்றாங்க, ஒண்ணும் புரியல. (கொருக்குப்பேட்டை அக்கா)

விடமாட்டாங்கக்கா, அது தான் ரூல். கூலிக்கு சென்சார்ல கொடுத்தது "ஏ" சர்டிபிகேட், 18 வயசுக்கு கீழ இருந்தா நீங்க கூட இருந்தாலும் உள்ள விடக்கூடாது, தியேட்டர்காரங்க மேல கோவப்படாதீங்க. யுஏன்றது வேற. இப்ப அதுலயே மூணா பிரிச்சிட்டாங்க, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. இது பெத்தவங்களுக்கு சொல்ற எச்சரிக்கை, அந்த வயசுக்கு கம்மியான புள்ளைங்கள கூட்டினு போலாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கணும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி படம் பேருக்கு பக்கத்துல இருக்கும், ஒரு தடவ பாத்துக்குங்க. தனுஷோட ராயனும் ஏ தான்.

கூலி படம் எப்டின்னா, சௌபின் ஷாஹிர் வர்ற இடமெல்லாம் ஒரு போன் கூட எரியல, மனுஷன் அப்டி நடிச்சிருக்காரு. ஆனா ஹார்பர்ல வேலை செய்யறவன்றதால எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. கூலின்னு பேரு வச்சு ஹார்பர்ல கதைய வச்சிருக்கீங்க, அங்க ஒருத்தன் மூட்ட தூக்கி தோள் வலிக்க நின்னு தண்ணி குடிக்கிறத ஒரு அரை நிமிஷம் காட்டிருக்கலாமே. ரஜினி சாருக்கு அந்த தோள நடிச்சு காட்டத் தெரியாதா என்ன?

கங்குவா பாத்துட்டு வந்து தலவலி. இப்ப வர்ற படமெல்லாம் ஏன் இவ்ளோ சத்தம்? (பெரம்பூர்லேர்ந்து ஒரு சார்)

நல்ல கேள்வி சார், இது எனக்கு கொஞ்சம் தெரிஞ்ச விஷயம், கேண்டீன்ல இருந்தப்ப ஆபரேட்டர் ரூம்லயே கெடப்பேன், அவரு தான் சொல்லிக்கொடுத்தாரு. தியேட்டர் சவுண்டு மெஷின்ல வால்யூம் நம்பர் இருக்கும், அதுல 7ன்றது தான் அளவு, படத்துக்கு சவுண்டு மிக்ஸ் பண்றவங்க அந்த 7ல கேட்டு தான் முடிக்கணும். ஆனா ஜனங்க காத பொத்திக்கிறாங்கன்னு நெறய தியேட்டர்ல கொறச்சு வப்பாங்க. கொறச்சு வக்கிறாங்கன்னு தெரிஞ்சு மிக்ஸிங்லயே ஏத்தி வப்பாங்க மிக்ஸ் பண்றவங்க. தியேட்டர்காரங்க இன்னும் கொறப்பாங்க. இப்டியே போட்டி போட்டு நடுவுல மாட்டுறது நம்ம காது, அதோட சேந்து வசனமும் போயிடுது, கொறச்சு வச்சா பேசுறது கேக்காது, ஏத்தி வச்சா அடி சத்தம் தாங்காது. கங்குவாவுக்கு 2024 நவம்பர்ல ரிலீஸ் ஆன உடனே இந்த புகார் பெருசா வந்து, வால்யூம் கொறைக்க சொல்லி படத்து தரப்புலயே தியேட்டருங்களுக்கு சொன்னாங்க.

அதே வருஷம் ஆகஸ்ட்ல கொட்டுக்காளி வந்துச்சு, பி.எஸ்.வினோத்ராஜ் டைரக்‌ஷன், சூரி, அன்னா பென். படம் முழுக்க பின்னணி இசையே கெடயாது. ஆட்டோ சத்தம், பைக் சத்தம், சேவல், காத்து, அவ்ளோ தான். அன்னா பென் நடிச்ச பொண்ணு வாயே தொறக்காம உக்காந்திருக்கும், சுத்தி எல்லாரும் கத்துவாங்க, எனக்கு அந்த அமைதி தான் கங்குவா சத்தத்த விட பெருசா கேட்டுச்சு. தியேட்டர்ல முப்பது பேர் இருந்திருப்போம், அடுத்த வாரம் போஸ்டர் கூட இல்ல. இந்த மாதிரி படத்த ரெண்டாவது வாரம் பாத்துக்கலாம்னு விடாதீங்க, ரெண்டாவது வாரம்னு ஒண்ணு அதுக்கு இருக்காது.

பேய் படம்ணா, டிமான்டி காலனி 2வா, அரண்மனை 4ஆ? (திருவொற்றியூர் தங்கச்சி)

பயப்படணும்னா டிமான்டி. குடும்பத்தோட சிரிச்சினு பாக்கணும்னா அரண்மனை. ஃபர்ஸ்ட் பார்ட் பாக்காம டிமான்டி ரெண்டுக்கு போகாதம்மா, பாதி புரியாது.

மெய்யழகன் ஒரே லேகு, ரொம்ப இழுக்குதுன்றாங்களே, நெசமா? (ராயபுரம் தம்பி)

இந்த கேள்விக்காக தான் காத்துனு இருந்தேன்.

லேகுன்னு சொல்றவங்கள திட்டமாட்டேன், படம் கிட்டத்தட்ட மூணு மணி நேரம், ரெண்டு பேர் பேசினே இருப்பாங்க, அதனால 2024 செப்டம்பர்ல ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே 18 நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. இப்ப இது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு, இந்தியன் 2, கங்குவா ரெண்டுலயும் ரிலீஸுக்கு அப்புறம் 12 நிமிஷம் போல வெட்டுனாங்க. அந்த ரெண்டுல வெட்டுனது ஏன்னு புரியுது. மெய்யழகன்ல வெட்டுனது எனக்கு வலிச்சுது. ஏன்னா அந்த படத்துல நேரம் போறது தான் கதையே. அரவிந்த் சாமி சொந்த ஊர விட்டு, சொத்து தகராறுல வீட்ட விட்டு வந்தவரு, இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு தஞ்சாவூர் பக்கம் போறாரு, அங்க ஒருத்தர், கார்த்தி தான், "அத்தான் அத்தான்"னு உயிர விடுறாரு, இவருக்கு அவரு பேரே ஞாபகம் இல்ல. கேக்கவும் வெக்கம். ஒரு ராத்திரி பூரா அந்த வெக்கத்தோடயே உக்காந்திருக்கணும், அந்த வெக்கம் நமக்கும் ஏறணும்னா நேரம் வேணுமே. அவசரமா வெட்டுனா எப்டி ஏறும்?

ஒரு சைக்கிள் விஷயம் வரும். இவரு ஊர விட்டு போறப்ப விட்டுட்டு வந்த பழைய சைக்கிள், அது அந்த குடும்பத்துக்கு என்னவா ஆச்சுன்னு கார்த்தி சொல்லுவாரு. எனக்கு பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், காக்கி சட்டையோட வந்திருந்தாரு, ஆட்டோ ஓட்டுறவரு போல, தோள்ல இருந்த துண்ட எடுத்து வாய்ல வச்சு அழுத்தினாரு, அழுவுற சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு. எனக்கும் அப்ப தான் உடைஞ்சுது. எங்க ஹவுசிங் போர்டு பழைய பிளாக்க இடிக்கறதுக்கு காலி பண்ணப்ப ஒரு கிரைண்டர மாடியிலேர்ந்து இறக்க முடியாம பக்கத்து வீட்டு ஆயா கிட்ட கொடுத்துட்டு வந்தோம், அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு கூட தெரியாது. படம் முடிஞ்சு அந்த பெரியவரும் நானும் ஒண்ணா படி இறங்கனோம், ஒண்ணும் பேசல. கீழ வந்து "டீ சாப்புடுறியாப்பா"ன்னாரு. சாப்புட்டோம். அவரு பேர நானும் கேக்கல.

ஸ்போர்ட்ஸ் படம்? (எண்ணூர் பசங்க நாலு பேர் சேந்து கேட்டது)

லப்பர் பந்து, யோசிக்கவே வேணாம். அட்டகத்தி தினேஷ் கிரிக்கெட் ஆட இறங்கும்போது "நீ பொட்டு வச்ச தங்கக்குடம்"னு விஜயகாந்த் பாட்டு வரும், தியேட்டரே அதிரும். ஆனா எனக்கு புடிச்சது வீட்டுக்குள்ள நடக்கறது, அவரு பொண்டாட்டியா வர்ற ஸ்வாசிகா அவர பாக்குற பார்வை. யார டீம்ல சேப்பாங்க யார சேக்க மாட்டாங்கன்ற ஜாதி விஷயத்த பிரசங்கம் பண்ணாம கிரவுண்டுலயே வச்சு சொன்னது பெரிய விஷயம். மாரி செல்வராஜோட பைசனும் பாருங்க, மணத்தி கணேசன்னு அர்ஜுனா விருது வாங்குன கபடி வீரரோட வாழ்க்கையிலேர்ந்து எடுத்தது. கனமான படம், சிரிக்கலாம்னு போகாதீங்க.

மலையாள படம் டப்பிங்ல பாக்கறதா? (மணலி சார்)

ஒரிஜினல்ல பாருங்க, சப்டைட்டில் போதும். மஞ்சும்மல் பாய்ஸ டப் பண்ணாமலே நம்ம ஊர் தூக்கி வச்சு ஆடுச்சே, 2006ல கொடைக்கானல் குணா குகையில நெசமா நடந்தது அது. லோகாவும் நல்லா இருக்கு, நீலின்னு பழைய யட்சி கதைய எடுத்து இன்னிக்கி பெங்களூர்ல விட்டிருக்காங்க.

நம்ம வட சென்னை ஏரியான்னாலே கத்தி, ரவுடி, கஞ்சா தானாணா? காலேஜ்ல என் கிட்ட பசங்க அப்டி தான் கேக்குறாங்க. (வியாசர்பாடி தம்பி)

உன் கோவம் எனக்கு புரியுதுடா. அதே சமயம் நல்லத நல்லதுன்னு சொல்லணும். மெட்ராஸ் படம் 2014ல வந்தப்ப தான் மொத தடவ நம்ம மொட்டமாடி, கேரம், ஃபுட்பால், ஐடி வேலைக்கு போற பையன் எல்லாத்தையும் ஸ்கிரீன்ல பாத்தேன். வட சென்னை படத்துல அன்பு கேரம் ஆட நெனக்கிற பையன் தானே, ரோட்டுக்காக குப்பத்த காலி பண்ண வர்றது தானே அங்க பிரச்சனையே. சார்பட்டா பரம்பரை 2021 ஜூலையில நேரா ஓடிடியில வந்துடுச்சு, நம்ம பாக்ஸிங் கதைய நம்ம ஜனங்களோட விசிலடிச்சு பாக்க முடியலையேன்ற ஏக்கம் எனக்கு இன்னும் போகல.

மத்த படங்கள்ல எனக்கு இடிக்கறது பேச்சு தான். எல்லாரும் எல்லா நேரமும் "இன்னா இன்னா"ன்னு கத்துறாங்க. எங்க வீட்ல எங்கம்மா "இன்னாடா"ன்னுவாங்க, என் பொண்ணு "என்னப்பா"ன்னுவா, நான் ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்திப்பேன், ஆபீசர் கிட்ட ஒண்ணு, ஃப்ரெண்டு கிட்ட ஒண்ணு. ஒரே வீட்ல மூணு பேச்சு இருக்கு, அத எவனும் காது கொடுத்து கேக்கல. காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடி மீன் ஏலத்துல நின்னு கூடை எடுத்து தலையில வச்சினு தெரு தெருவா போற அக்காங்க இருக்காங்களே, எவ்ளோ கணக்கு மனசுலயே போடுவாங்க தெரியுமா, அதுல ஒருத்தர வச்சு ஒரு படம் எடுங்கடா, நான் பத்து தடவ பாப்பேன். உன் காலேஜ்ல எவனாவது விஸ்காம், அதான் சினிமா மீடியா படிப்பு, படிச்சா அவன் கிட்ட சொல்லு, நீயே எழுதினாலும் சரி, என் கிட்ட கொண்டா, படிக்கிறேன்.

நாலு வாரத்துல ஓடிடியில வந்துடுது, எதுக்கு தியேட்டர்? (சுங்கச்சாவடி தம்பி)

துட்டு இல்லன்னா வீட்லயே பாரு, தப்பில்ல. 100 ரூபா வரைக்கும் இருக்கற டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டிய 12லேர்ந்து 5 சதவீதமா கொறச்சிருக்காங்க, அதனால பெரிய மல்டிபிளெக்ஸ விட்டுட்டு நம்ம பக்கத்து தியேட்டருக்கு போ. இருக்கறதே கொஞ்சம். 1967ல திறந்த அகஸ்தியா 2020ல போச்சு, பெரம்பூர் பிருந்தா 2025 ஏப்ரல்ல போச்சு, அங்க கடைசியா ஓடுனது டிராகன். நம்ம போகாம போகாம தான் ஒவ்வொண்ணா மூடுறாங்கன்னு எனக்கு தோணும்.

அகஸ்தியாவுல தான் தம்பி கடைசியா படம் பாத்தேன், அவரு இருந்தப்ப. இப்ப முட்டி வலி, தனியா போக முடியல. எனக்கு எதுனா படம் சொல்லு. (எர்ணாவூர் அம்மா ஒருத்தங்க, பேத்தி எழுதி அனுப்பிச்சுது)

அம்மா, ஞாயித்துக்கிழமை காலை காட்சி. எனக்கு அன்னிக்கு நைட் ஷிப்ட், பகல் ஃப்ரீ. என் மச்சான் ஆட்டோ இருக்கு, ஒன்பதரைக்கு வாசல்லயே வந்து நிக்கும், எங்கம்மாவும் வருவாங்க, உங்களுக்கு பேச்சு துணைக்கு ஆச்சு. படிக்கட்டு பக்கத்துலயே கீழ் வரிசையில சீட்டு போட்டுடுறேன், அன்னிக்கு மட்டும் நானும் முன்னாடியே உக்காந்துக்கறேன். பேத்தி கிட்ட சொல்லி வீட்டு பக்கத்துல இருக்கற கோயில் இல்லன்னா கடை பேர் மட்டும் அனுப்ப சொல்லுங்க, மச்சான் வந்துடுவான்.